கடல் மேகம் கம்ப்யூட்டருக்குள் வருவது எப்படி?

தை மாதக் காலை. அனந்தபுரத்தில் விறகு அடுப்புப் புகையும், செஞ்சி, விழுப்புரம் பஸ்களின் புகையும் பனியோடு கலந்து தாழ்வாக நிற்கும். வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். எங்கே போகிறது? நாடெங்கும் எழும் இத்தகைய புகையில் ஒரு பகுதி, வடகிழக்குக் காற்றுடன் இந்தியப் பெருங்கடல் மீது செல்கிறது. அங்குள்ள தாழ்வான மேகங்களை அது என்ன செய்கிறது? இதற்கு விடை தேட உதவியது கம்ப்யூட்டர்தான்.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை, இண்டோயெக்ஸ் என்ற ஆய்வில் பல நாட்டு விஞ்ஞானிகள் கப்பல், விமானம், சாட்டலைட் மூலம் இந்தப் புகையை அளந்தனர். தலைமை ஏற்றவர்களில் ஒருவர் வீ. ராமநாதன். சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்தவர். மற்றவர், நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன்.

பெட்டி பெட்டியாக வானம்

கம்ப்யூட்டருக்கு மேகம் தெரியாது; எண்கள்தான் தெரியும். எனவே கடலுக்கு மேலுள்ள காற்றைச் சிறு பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பம், ஈரம், காற்றின் வேகம் ஆகியவை எண்களாக இருக்கும். சில விநாடிகள் கழித்து அவை எப்படி மாறும் என்று கணக்கிட்டு, அதையே மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும்.

சிறு மேகத்தின் அகலம் சில நூறு மீட்டர்தான். எனவே பெட்டியும் சில பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். பெட்டியின் நீள, அகல, உயரங்களைப் பாதியாக்கினால் பெட்டிகள் 8 மடங்காகும். கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக, வேலை 16 மடங்கு! ஒரு நிமிடக் கணக்கு 16 நிமிடமாகும். மறுபடி பாதியாக்கினால் நான்கு மணி நேரத்துக்கும் மேல்.

நீங்களே செய்து பாருங்கள்

கால இடைவெளியை ஏன் குறைக்க வேண்டும்? எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்திடுங்கள்.

1. முதல் நெடுவரிசையைக் காலியாக விடவும். முதல் வரிசையின் இரண்டாவது செல்லில் 100, அடுத்த ஆறு செல்களில் 0 டைப் செய்திடவும். 100 என்பது புகை.

2. அந்த 100க்கு நேர் கீழுள்ள செல்லில் = டைப் செய்து, 100 உள்ள செல்லைக் கிளிக் செய்திடவும். பின் +0.5*( டைப் செய்து, 100க்கு இடப்புறமுள்ள காலிச் செல்லைக் கிளிக் செய்திடவும். அடுத்து - டைப் செய்து, மீண்டும் 100 உள்ள செல்லைக் கிளிக் செய்து, ) இட்டு என்டர் தட்டவும்.

3. இந்தச் செல்லின் மூலையைப் பிடித்து வலப்பக்கமும், பின் கீழேயும் இழுத்திடவும்.

நான்காம் வரிசையில் 12.5, 37.5, 37.5, 12.5 என்று வரும். புகை நகர்ந்து பரவுகிறது. மொத்தம் 100 மாறவில்லை.

இப்போது 0.5க்குப் பதில் 1.5 கொடுத்து மீண்டும் இழுத்திடுங்கள். நான்காம் வரிசையில் -337.5 வருகிறது. மைனஸ் புகை உண்டா? காற்று ஒன்றரைப் பெட்டி தூரம் தாண்டிவிட்டது. நம் பார்முலாவோ பக்கத்துப் பெட்டியை மட்டுமே பார்க்கிறது. இந்த எல்லையைக் கூரண்ட், பிரீட்ரிக்ஸ், லூவி என்ற மூன்று கணித அறிஞர்கள், எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே, 1928இல் விளக்கிவிட்டனர்.

விடை என்ன?

புகைத் துகள்கள் மேகத்தைக் கூட்டி, வெயிலைத் திருப்பியனுப்பி, பூமியைக் குளிர்விக்கும் என்றே பொதுவாகக் கருதப்பட்டது. 2000இல் சயின்ஸ் இதழில் ராமநாதனும் சக விஞ்ஞானிகளும் வெளியிட்ட கம்ப்யூட்டர் கணக்கு எதிரான ஒரு வழியைக் காட்டியது. கரும்புகை வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்க, கடல் மேகங்கள் பகலில் சீக்கிரம் கலைகின்றன. குடை மடங்கினால் வெயில் கடலில்தானே விழும்?

அடுப்புப் புகைக்கும் நடுக்கடல் மேகத்துக்கும் உள்ள உறவை, உங்கள் மேஜை மீதுள்ள கம்ப்யூட்டர் செய்யும் அதே கூட்டல் கழித்தல்தான் காட்டியது. முயன்று பாருங்களேன்!