பாம்பு போல் தோன்றும் பல்லிகள்

எருக்குழியைத் தோண்டும்போதும், கரும்பில் சோகை உரிக்கும்போதும், அடுக்கி வைத்த விறகை எடுக்கும்போதும் பளபளப்பான நீண்ட உயிர் ஒன்று நெளிந்து ஓடுவதை உழவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். கண்டவுடன் பாம்பு என்று எண்ணி மண்வெட்டியால் வெட்டிவிடுவதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் நெளிந்து செல்வன எல்லாம் பாம்பு ஆகா. பல்லி இனத்திலேயே கால்கள் சிறுத்துப் போனவையும், கால்களே இல்லாதவையும் உள்ளன.

இவற்றைப் பற்றி அறிந்து கொள்வதால் இரண்டு நன்மைகள் உண்டு. பூச்சிகளைத் தின்னும் உயிர்கள் வீணாகச் சாகமாட்டா. அதைவிட முக்கியமாக, பாம்புக்கடியை அரணைக்கடி என்று எண்ணிக் காலம் கடத்தும் ஆபத்தும் நீங்கும்.

கால்கள் மறைந்தது ஏன்?

தளர்ந்த மண்ணுக்குள்ளும் அடர்ந்த புல்லுக்குள்ளும் நுழைந்து செல்ல நீண்டு மெலிந்த உடலே வசதியானது. அங்கே கால்கள் உதவுவதைவிட இடைஞ்சலாகவே இருக்கும். எனவே பல தலைமுறைகளில் உடல் நீண்டு, கால்கள் சிறிது சிறிதாகக் குறுகி, சில இனங்களில் முற்றிலும் மறைந்தன. பல்லிக் குடும்பங்களில் இம்மாற்றம் ஒன்றையொன்று சாராமல் இருபது தடவைக்கும் மேல் நிகழ்ந்துள்ளது என்று விலங்கியலார் கூறுகின்றனர்.

இம்மாற்றத்தின் படிகளை இலங்கையில் மட்டுமே காணப்படும் நெசியா என்னும் அரணைப் பேரினத்தில் காணலாம். அதில் சில இனங்களுக்கு மூன்று விரல்களுடன் சிறு கால்கள் உண்டு. நெசியா லேயார்டி என்னும் இனத்துக்குக் கால்களே இல்லை. வெளியே கால் இல்லாவிட்டாலும், காலைத் தாங்கிய தோள் எலும்பு, இடுப்பு எலும்பு ஆகியவற்றின் எச்சங்கள் காலில்லாப் பல்லிகள் பலவற்றின் உடலுக்குள் உள்ளன. பாம்புகளுக்குத் தோள் எலும்பு அறவே கிடையாது.

இருவகை உடலமைப்பு

காலில்லாப் பல்லிகளை அவை வாழும் இடத்தைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம்.

புல், சருகு ஆகியவற்றின் இடையே தரைமேல் வாழ்பவை முதல் வகை. இவற்றின் வால் மிக நீளமானது. பலவற்றில் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல் வாலாகவே இருக்கும். ஐரோப்பாவில் காணப்படும் ஆங்கியூஸ் என்னும் பல்லி, டார்ஜிலிங், காசி மலைப் பகுதிகளில் வாழும் கண்ணாடிப் பல்லி ஆகியவை இவ்வகையின. எதிரி பிடித்தால் வால் கண்ணாடி போல் முறிந்து விடுவதால் பின்னதற்கு அப்பெயர் ஏற்பட்டது.

மண்ணுக்குள் வாழ்பவை இரண்டாம் வகை. இவற்றின் உடல் நீண்டும் வால் குட்டையாகவும் இருக்கும். மூக்கு நுனி கலப்பையின் கொழு போல் மண்ணைக் கிழித்துச் செல்ல ஏற்றதாக அமைந்திருக்கும். கண்கள் மிகச் சிறியவை. ஒடிசாவின் சில்கா ஏரியிலுள்ள பர்குடா தீவில் கண்டறியப்பட்ட பர்குடியா என்னும் காலில்லா அரணை இதற்கு எடுத்துக்காட்டு. இதனை 1917-ஆம் ஆண்டில் விவரித்தவர் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல் ஆவார். இதற்கு நெருங்கிய மற்றோர் இனம் ஆந்திராவில் விசாகப்பட்டினம் பகுதியில் காணப்படுகிறது.

நம் வயல்களில் காண்பது எது?

தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் எருக்குழிகளிலும் நாம் அடிக்கடி காண்பது, கால்கள் மிகச் சிறுத்துப்போன அரணை இனமாகும். பாம்பரணை, பாம்புராணி என்றெல்லாம் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வெண்கல நிற உடலில் சிறு கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். குட்டிகளின் வால் சிவந்து காணும். இதற்கு நான்கு கால்களும் உண்டு. ஆனால் வேகமாக ஓடும்போது கால்களை உடலோடு ஒட்டிக்கொண்டு நெளிந்து செல்வதால் கால் இருப்பதே தெரியாது. பாம்பு என்று நாம் ஏமாறுவது இதனால்தான்.

உணவும் இனப்பெருக்கமும்

பாம்பைப் போலத் தலையைவிடப் பெரிய இரையை விழுங்கும் தாடையமைப்பு பெரும்பாலான பல்லிகளுக்கு இல்லை. ஆகவே வாய்க்கு அடங்கும் சிற்றுயிர்களே இவற்றின் உணவு. வண்டுகள், அவற்றின் புழுக்கள், கறையான், வெட்டுக்கிளிக் குஞ்சுகள், சிலந்தி ஆகியவற்றை அரணைகள் உண்ணும். ஐரோப்பிய ஆங்கியூஸ் பல்லி ஓடில்லா நத்தைகளை விரும்பித் தின்பதால், அங்குள்ள தோட்டக்காரர்கள் அது மட்கு குவியலில் குடியிருப்பதை வரவேற்கின்றனர். தென்கிழக்கு ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரை காணப்படும் பெரிய இனம் ஒன்று ஒரு மீட்டருக்கு மேல் வளரும். அது நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்னும், சுண்டெலியையும் பிடிக்கும்.

இவை மண்புழுவையும் தின்பதுண்டு. மேலும், இவற்றை மட்டும் நம்பிப் பயிர்ப்பாதுகாப்பை விட்டுவிட இயலாது. தவளை, ஓணான், சிலந்தி, குருவி ஆகியவற்றோடு சேர்ந்து பூச்சிகளின் பெருக்கத்தைக் குறைப்பதில் இவற்றுக்கும் ஒரு பங்குண்டு என்று கொள்வதே சரி.

பெரும்பாலான இனங்கள் முட்டையிடும். ஆனால் ஆங்கியூஸ் பல்லி முட்டைகளை வயிற்றிலேயே காத்துக் குட்டிகளாக ஈனுகிறது. கோபன்ஹேகன் விலங்குக் காட்சிச் சாலையில் இவ்வினப் பல்லி ஒன்று 54 ஆண்டுகள் வாழ்ந்தது.

பாம்பிலிருந்து வேறுபடுத்துவது எப்படி?

1. கண் இமை: பல்லிகளில் பெரும்பாலானவை கண்ணை மூடித் திறக்கும். பாம்புக்கு அசையும் இமை இல்லை.

2. காதுத் துளை: பல பல்லிகளுக்குத் தலையின் பக்கத்தில் சிறு துளை உண்டு. பாம்புக்கு இல்லை. மண்ணுள் வாழும் சில பல்லிகளில் இத்துளை மறைந்திருக்கும்.

3. நாக்கு: பாம்பின் நாக்கு ஆழமாகப் பிளந்திருக்கும். அரணையின் நாக்கு அகன்று, நுனியில் மட்டும் சிறிது வெட்டுப்பட்டிருக்கும்.

4. அடிவயிற்றுச் செதில்: பெரும்பாலான நிலப்பாம்புகளில் அகன்ற செதில்கள் ஒரே வரிசையாக அமைந்திருக்கும். பல்லிகளில் சிறு செதில்கள் பல வரிசைகளாக இருக்கும்.

5. வால்: பல்லியின் வால் பெரும்பாலும் எளிதில் முறிந்து மீண்டும் வளரும்.

இவ்வடையாளங்கள் இறந்து கிடப்பதைப் பார்த்து அறியவே பெரிதும் உதவும். உயிருடன் உள்ளதைக் கையில் எடுத்துச் சோதிக்கக் கூடாது. சிறிதேனும் ஐயம் இருந்தால் பாம்பு என்றே கருதி விலகி நிற்க வேண்டும்.

அரணை கடித்தால் மரணமா?

அரணை கடித்தால் மரணம் என்ற நம்பிக்கை நாட்டுப்புறத்தில் நிலவுகிறது. இது தவறு. மனிதனைக் கொல்லும் நஞ்சுடைய பல்லி எதுவும் இந்தியாவில் இல்லை.

இந்த நம்பிக்கையால் அரணைகள் சாகின்றன. சில வேளை மனிதரும் சாக நேரிடுகிறது. கட்டு விரியன் பெரும்பாலும் இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. பல் பதிந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். காலையில் அருகே ஓர் அரணையைக் கண்டு அதுதான் கடித்தது என்று மந்திரிக்கச் சென்றால், பொன்னான நேரம் வீணாகிவிடும். கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறுதல், வயிற்றுவலி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றும்வரை காத்திருக்கலாகாது. கடித்தது எதுவென்று உறுதியாகத் தெரியாவிட்டால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடிபட்ட உறுப்பை அசைக்கக் கூடாது. கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் கேடு தரும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

எருக்குழி, வைக்கோற்போர், விறகுக் குவியல் ஆகியவற்றில் வெறுங்கையை விடாமல், முதலில் நீண்ட கோலால் கிளறிவிட்டு வேலையைத் தொடங்கவும். இரவில் டார்ச் விளக்கும் முழங்கால்வரை மறைக்கும் காலணியும் தேவை. இக்குவியல்களை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

கரும்புச் சோகையையும் தோட்டத்துச் சருகையும் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்பவும். மண்ணின் ஈரம் காக்கப்படுவதுடன், அரணை போன்றவற்றுக்கு மறைவிடமும் கிடைக்கும். குருணை மருந்துகளைப் பூச்சியின் சேதம் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டும்போது மட்டும், பரிந்துரைத்த அளவில் இடவும்.

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில் வரிகளையுடைய காலில்லாப் பல்லி இனம் ஒன்று உண்டு. அது வாழ்ந்த இயற்கைப் புல்வெளிகளில் பெரும்பகுதி உழவுக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டதால், அது அருகிவரும் உயிரினமாகிவிட்டது. நம் வயல் ஓரங்களில் அந்நிலை வராமல் காப்பதற்குத் தனியாகச் செலவு ஏதும் இல்லை. ஒரு வரப்போரப் புல்லை எரிக்காமல் விடுவதும், நான்கு சிறு கால்கள் தெரிகின்றனவா என்று எட்ட நின்று பார்ப்பதும், ஓங்கிய மண்வெட்டியைத் தாழ்த்துவதும் போதும்.