கேபிளுக்கும் ஒரு நூல்கண்டு

தையல் நூல் சிக்கலானாலே நமக்குக் கோபம் வருகிறது. விரல் பருமனில், 30 மீட்டர் நீளத்தில் ஒரு கேபிள் சிக்கலானால்?

தாம்பரத்தைத் தாண்டி, மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கும் மறைமலை நகரின் பட்டறைகளில் வெல்டிங் செய்பவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. இதற்குப் பரிகாரம், நூல்கண்டைப் போன்ற ஒரு ரீல்தான்.

ஆனால், அதைச் செய்வதில் சூட்சுமம் இருக்கிறது. ரப்பர் உறைக்குள்ளே தலைமுடி போன்ற செப்புக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இறுக்கி மடக்கினால் ஒவ்வொன்றாக ஒடியும். ஆகவே ரீலின் நடு உருளை, கேபிளின் பருமனைப்போல் பத்து மடங்காவது இருப்பது நல்லது. பக்கத் தட்டுகள் உயரமாக இருந்தால் சுற்று வழுக்கி விழாது. சுற்றுவதற்குக் கைப்பிடி, தானே உருளாமலிருக்க ஒரு தடை; அவ்வளவுதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 50 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளில் 200 ஆம்பியர் ஓடினால், 30 மீட்டரில் 450 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. ஏறக்குறைய இஸ்திரிப் பெட்டியின் பாதிச் சூடு! தரையில் நீட்டிக் கிடந்தால் அது காற்றோடு போய்விடும். சுற்றியபடியே வேலை செய்தால் உள்ளேயே தங்கி ரப்பரை இளக்கிவிடும். பிறகு தொடுகிறவர் கதி?

நம் வீட்டிலும் இதே கதைதான், சகோதரிகளே! சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயரில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகாதீர்கள். முழுவதும் பிரித்துவிடுங்கள்.

சுற்றி வைப்பது பத்திரம். சுற்றியபடியே உபயோகிப்பது ஆபத்து!