பீருக்கு ஏற்றது பெட் பாட்டிலா, கண்ணாடியா?

கேரளத்தின் நிலம்பூர், வழிக்கடவு தாண்டி மலையேறும் வண்டிகளை நாடுகாணி சோதனைச் சாவடியில் நிறுத்தி, உள்ளே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நீலகிரிக்குள் அவற்றுக்குத் தடை. அதே குளிர்பான பாட்டிலை, அதாவது பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் பிரிட்டனில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் பலர் பீர் அடைக்கக் கழுவி எடுத்து வைக்கிறார்கள். அங்கே 1963 முதல் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்.

பெட் பாட்டிலை விரும்பக் காரணம் அழுத்தம். மூடி போடுமுன் லிட்டருக்கு 6 கிராம் அளவில் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். 4 கிராம் சர்க்கரைக்குச் சுமார் 2 கிராம் வாயு. நுரை வருவது அதனால்தான். சர்க்கரை கூடிப்போனாலோ, நொதித்து முடியுமுன் அடைத்துவிட்டாலோ கண்ணாடி பாட்டில் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். சில்லு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பெட் பாட்டில் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். விரலால் அமுக்கினால் பதிகிறதா, இன்னும் கேஸ் ஏறவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டதா, உடனே குளிரில் வைக்க வேண்டும்.

டூபாண்ட் நிறுவனப் பொறியாளர் நத்தானியேல் வைத் 1973-இல் காப்புரிமை பெற்ற பாட்டில் இது. சோடாவில் பீரைவிடக் கேஸ் அதிகம். அதைத் தாங்கத்தான் அடியில் ஐந்து கால்கள் வைத்து வார்க்கிறார்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் இதற்கு உதவாது. கொதிநீர் ஊற்றிக் கழுவினால் சோடா பாட்டிலும் கோணிவிடும்.

குறையும் உண்டு. பெட் சுவர் வழியே ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும், கேஸ் வெளியே போகும். மாதங்கள் கடந்தால் பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். நிறமற்ற பாட்டில் வெயிலில் இருந்தால் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து நாறும். பழுப்புக் கண்ணாடிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஆனால் காட்டோரம் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கும். இதற்காகத்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. வாங்கும்போது 10 ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்.

சில வாரங்களில் தீர்ந்துபோகும் வீட்டு பீருக்கு பெட் போதும். யானை நடக்கும் மலைக்கு, கடைக்குத் திரும்பி வரும் கண்ணாடியே சரி. நாடுகாணிப் பக்கம் போகிறவர்கள் காலி பாட்டிலைத் தேயிலைச் செடிக்குள் வீசாமல், கடையில் கொடுத்து அந்தப் பத்து ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள்.