கடிதக் கோப்பில் வேற்றுக் குறிகள்

யூனிக்ஸ் கணினியில் சேமித்து வைத்த மின்னஞ்சலை நெடுநாள் கழித்துத் திறப்போர் சிலர், கோப்பு கெட்டதென்றே முடிவு கட்டிவிடுகின்றனர். வரியின் ஈற்றில் சமக்குறியோ ‘=20’ என்பதோ நிற்கிறது; கூரை போன்றதொரு குறியும் எம் என்னும் எழுத்தும் தொடர்கின்றன. உடனே அவற்றை அழிக்க முற்படுகின்றனர். பெரும்பாலும் கோப்பு கெடுவது அதற்குப் பின்னர்தான்.

தொலையச்சு இயந்திரத்தை நேயர்கள் நினைவிற்கொள்க. வரி முடிந்ததும் அச்சு முனை தொடக்கத்துக்கு மீளவேண்டும். தாளும் ஒரு வரி நகரவேண்டும். முன்னதற்கு 13, பின்னதற்கு 10 என்னும் எண்கள் குறியீடாயின. யூனிக்ஸ் 10 ஒன்றையே வரிமுடிவாகக் கொள்கிறது. மின்னஞ்சல் நெறியோ இரண்டையும் வேண்டுகிறது. வந்த கடிதத்தை அப்படியே கோப்பிலிட்டால் 13 எஞ்சிவிடும். கூரையும் எம்மும் அதன் அடையாளமே. திரையில் அது மறைந்திருந்தாலும் ‘கேட் -வி’ என்னும் ஆணை காட்டிக்கொடுக்கும்.

சமக்குறியின் வரலாறு வேறு. 7 பிட்டுக்குள் அடங்கும் எழுத்துகளே அஞ்சல் வழியிற் பழுதின்றிச் செல்லும் என்றிருந்த காலத்தில், 1992-இல் மைம் நெறி வந்தது. அடங்காத ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுதியனுப்ப அது வகை செய்தது. வரி 76 குறிகளை மீறலாகாது. நீண்ட வரியை முறித்த இடத்திலும் ஒரு சமக்குறி நிற்கும். ‘=20’ என்பது வரியீற்று வெற்றிடமேயாகும்.

தமிழருக்கு இது சிறு செய்தியன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட்டுகள். ‘அம்மா’ என்னும் சொல் 5 குறிகள், 15 பைட்டுகள். இம்முறையில் 45 எழுத்துகளாக விரியும். அவற்றைக் குப்பையென்று துடைப்பவர் கடிதத்தையே துடைத்தவராவார்.

செய்யத்தக்கது யாது? முதலில் நகலெடுத்து, மூலத்தைத் தொடாது வைக்கவேண்டும். நகலில் ‘டிஆர்’ ஆணையால் 13-ஐ நீக்கிய பின்னரே குறிவிடுப்புக்குச் செல்வது நன்று. முறிவுச் சமக்குறிக்கும் வரிமுடிவுக்கும் நடுவே 13 நின்றால் சில கருவிகள் முறிவை உணர்வதில்லை. கோப்பு முழுவதையும் ஒரே வீச்சில் மாற்றுதலும் தவறு. இணைப்புகள் பேஸ்64 என்னும் வேறொரு முறையில் இருக்கலாம், அங்கே ஈற்றுச் சமக்குறிக்குப் பொருள் வேறு. பைத்தான் மொழியின் மெயில்பாக்ஸ், ஈமெயில் என்னும் தொகுதிகளைக் கொண்டு, ஒவ்வொரு பகுதியையும் அதன் தலைப்புவரி கூறும் முறைப்படி விடுவிக்கலாம்.

இவையெல்லாம் மீளக்கூடியவை. மீள்வது ஐயமான ஒன்றும் உண்டு. பல கடிதங்களை ஒரே கோப்பில் அடுக்கும் எம்பாக்ஸ் முறையில், ‘ஃப்ரம்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியுமாகத் தொடங்கும் வரியே புதிய கடிதத்தின் அடையாளம். கடிதத்தின் உடலிலும் அவ்வாறு ஒரு வரி தொடங்கினால், அதன்முன் ‘>’ இடப்படுகிறது. அந்த ஒரு குறியால் மின்கையொப்பச் சோதனை தோற்றுப்போகும். பழைய வகைக் கோப்புகளில் அக்குறியை எழுதியவர் இட்டாரா, கணினி இட்டதா என்று பிரித்தறிய வழியில்லை. கையொப்பமிட்ட கடிதங்களை, கடிதத்துக்கொரு கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறையில் சேமிப்பதே தக்கது.