குரங்கு காட்டிய இடம்

1982-ல் கலிபோர்னியாவில் போதை ஊசி போட்டுக்கொண்ட சிலர் திடீரென்று அசைவற்றுப் போனார்கள். பேச்சு எழவில்லை, கையைத் தூக்க முடியவில்லை. பெரும்பாலும் முதுமையில் வரும் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் அத்தனையும் இளவயதினரிடம் தெரிந்தன. நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் துருவிப் பார்த்ததில், கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினில் எம்.பி.டி.பி. என்ற நச்சு கலந்திருந்தது தெரியவந்தது. டோபமைன் சுரக்கும் மூளைச் செல்களை அது அழித்திருந்தது. அதே நச்சைச் செலுத்தியபோது எலிகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. குரங்குகளோ மனிதர்களைப் போலவே முடங்கின. மூளை ஆய்வில் குரங்கைப் பயன்படுத்தலாமா என்ற வழக்கை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். எலியால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு மட்டுமே குரங்கிடம் போகலாம் என்பது என் கட்சி.

அப்படி ஒரு கேள்வியை மாலன் டிலாங் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். முடங்கிய குரங்குகளின் மூளையில், சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மிகச் சிறிய பகுதி அளவுக்கு மீறித் துடித்துக்கொண்டிருந்தது. மனிதருக்கு அந்த இடம் பழுதானால் கைகால்கள் கட்டுக்கடங்காமல் வீசியடிக்கும் என்பது பழைய மருத்துவப் பாடம். எந்த அறுவை மருத்துவர் அங்கே கை வைப்பார்? 1990-ல் ‘சயின்ஸ்’ இதழில் அந்தக் குழு தன் முடிவை வெளியிட்டது. குரங்கின் ஒரு பக்க மூளையில் அந்தப் பகுதியைச் செயலிழக்கச் செய்ததும், எதிர்ப்பக்கக் கைகால்களின் விறைப்பும் நடுக்கமும் தணிந்தன, அசைவு திரும்பியது. அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட், அதே இடத்தில் மின்முனை பதித்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தார். 2014-ல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

எதிர்ப்பாளர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார்கள். மின்தூண்டல் நடுக்கத்தை நிறுத்தும் என்பதை பெனபிட் 1987-லேயே மனிதர்களிடம்தானே கண்டார், குரங்கு எதற்கு? உண்மைதான். ஆனால் அவர் அப்போது தூண்டியது தலாமஸ் என்ற வேறொரு பகுதியை. அதில் நடுக்கம் அடங்குமே தவிர, விறைப்பும் மந்தமும் பெரிதாக விலகுவதில்லை. முறை மனிதரிடம் கிடைத்தது, இடம் குரங்கிடம் தெரிந்தது. இதில் எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அதற்காக ஆதரவாளர்கள் இந்த ஒரு வெற்றியை எல்லா ஆய்வுக்கும் அனுமதிச் சீட்டாக நீட்டுவதையும் ஏற்க முடியாது. என்.எக்ஸ்.ஒய்-059 என்ற பக்கவாத மருந்து மார்மோசெட் குரங்குகளின் மூளையை நன்றாகவே காத்தது. 3,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் சோதித்தபோது பயன் இல்லை என்று 2007-ல் வெளியான முடிவு காட்டியது. ஆய்வகக் குரங்குக்குப் பக்கவாதம் வரவழைக்கப்படுகிறது, மருந்து ஏறும் நேரமும் ஆய்வாளர் கையில். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள முதியவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் நேரம் யார் கையிலும் இல்லை. நெருங்கிய உறவு என்பதாலேயே குரங்கு சரியான சாட்சி ஆகிவிடாது. அந்த நெருக்கமே அதன் வலியையும் தனிமையையும் நமக்குப் புரியவைக்கிறது என்பதால், கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். எலி, செல் வளர்ப்பு, மனித மூளை ஸ்கேன் ஆகியவை ஏன் போதாது என்று எழுத்தில் காட்டாத விண்ணப்பத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும். தோற்ற ஆய்வுகளின் முடிவுகளையும் கட்டாயம் வெளியிடச் செய்ய வேண்டும்.