மீட்டர்களின் பொதுமொழி

சென்னைத் தியாகராய நகரின் துணிக்கடைகளையும் நகைக்கடைகளையும் அறியாதார் இலர். அக்கடைகளின் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருக்கும் மின்சார மீட்டரைக் கவனித்தவரோ சிலரே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் வந்து, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் குறித்துச் செல்வது நம் ஊர் வழக்கம். 2020களின் தொடக்கத்தில் பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ் அப்பகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதுவகை மீட்டர்கள் பொருத்தப்பட்டன. ஆளை எதிர்பாராது தம் கணக்கைத் தாமே சொல்லக்கூடியவை இவை. யாரிடம் சொல்கின்றன? மற்றோர் இயந்திரத்திடம்!

மீட்டர் ஒன்று ‘4812’ என்று அனுப்புவதாகக் கொள்வோம். அது யூனிட்டா, வோல்ட்டா? அதைச் செய்த கம்பெனியின் கணினிக்கு மட்டுமே அது விளங்குமாயின், அடுத்த மீட்டரையும் அக்கம்பெனியிடமே, அது கேட்கும் விலைக்கே வாங்க நேரும். செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இக்கட்டைத் தவிர்க்கவே பொதுமொழி ஒன்று வகுக்கப்பட்டது. உலக அளவில் அதன் தரநிலை எண் ஐ.இ.சி. 62056. அதைத் தழுவி இந்தியத் தரநிலை அமைவனம் ஐ.எஸ். 15959ஐ வெளியிட்டது, மீட்டரின் உடலமைப்புக்கு ஐ.எஸ். 16444 என்பது 2015இல் வந்தது. இம்மொழியில் ஒவ்வோர் அளவுக்கும் ஆறு எண்களாலான பெயர் உண்டு. 1.0.1.8.0.255 என்பதைப் பாருங்கள். முதல் 1 மின்சாரத்தைக் குறிக்கும். எரிவாயுவாயின் 7, குளிர்நீராயின் 8. மூன்றாவதாக நிற்கும் 1, நாம் பெற்ற மின்திறன். அடுத்த 8, அது காலப்போக்கில் சேர்ந்த கூட்டுத்தொகை. ஆக, வெள்ளை அட்டையில் ஊழியர் எழுதும் யூனிட்டுக்கு இதுவே உலகப் பெயர். எந்த நாட்டில் செய்த மீட்டரும் இப்பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

செய்தி போகும் வழி வேறு, செய்தி வேறு. கடிதத்தை மிதிவண்டியில் கொண்டுவந்தாலும் ரயிலில் கொண்டுவந்தாலும் எழுத்து மாறுவதில்லை அல்லவா? அதுபோல, மீட்டர் கைப்பேசி அலைவழியே நேராகப் பேசலாம்; அன்றி, அடித்தளத்தில் அலை எட்டாத மீட்டர் பக்கத்து வீட்டு மீட்டரிடம் செய்தியைக் கொடுக்க, அது கைமாறித் தெருவிலுள்ள திரட்டியை அடையலாம். பின்னர்த் தலைமைக் கணினி. அதன்பின் பில் போடும் கணினி. நாளை அலைவழி மாறினாலும் ஆறு எண்களை மாற்ற வேண்டுவதில்லை. இந்த அடுக்குமுறையே இவ்வமைப்பின் உயிர்நாடி என்பேன்.

பேச்சு ஒருவழிப்பட்டதன்று. மீட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசையும் உண்டு. ஆணை தொலைவிலிருந்தே வரும். ஆகவே, ஆணையிடுவது உரிய கணினிதானா என மீட்டர் முதலில் சோதித்தறிகிறது. செய்தியும் 128 பிட் மறைகுறியால் பூட்டப்படுகிறது. அரைமணிக்கொரு கணக்கைப் பார்த்தே ஒரு வீட்டார் எப்போது உறங்குகின்றனர், எப்போது ஊருக்குப் போகின்றனர் என ஊகித்துவிடலாம். அக்கணக்கை யார் பார்ப்பது, எத்தனை காலம் வைத்திருப்பது என்பன தரநிலைக்குள் அடங்கா. அவற்றுக்கு 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும்.