காற்றுத் துகளின் தனிமக் கணக்கு

நகரக் காற்றில் மிதக்கும் துகள்களில் விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாதவற்றைப் பி.எம். 2.5 என்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் இவை எத்தனை மைக்ரோகிராம் என்பதையே அன்றாட மாசு அறிவிப்புகள் சொல்கின்றன. அதில் சாலைப் புழுதி எவ்வளவு, எரித்த குப்பை எவ்வளவு என்பது எடையை வைத்துத் தெரியாது. டெல்லி போன்ற பெருநகரங்களில் அதை அறியவே துகள்களில் உள்ள தனிமங்களை அளக்கிறார்கள்.

மாதிரி சேகரிக்கும் கருவி பெரும்பாலும் மொட்டைமாடியில் வைக்கப்படும். அது நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை உறிஞ்சும். பெரிய துகள்கள் வழியிலேயே ஒதுக்கப்பட, நுண்துகள்கள் 47 மி.மீ. விட்டமுள்ள டெஃப்லான் வடிதாளில் படியும். ஒரு நாளில் சுமார் 24 கன மீட்டர் காற்று கடந்தபின், வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகியிருக்கும். தாளை முன்னும் பின்னும் நுண்தராசில் நிறுத்தால் துகளின் எடை கிடைக்கும்.

அடுத்தது எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை. தாளின் மீது எக்ஸ் கதிர் பாயும்போது, அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரான் வெளியேறுகிறது. அந்த இடத்துக்கு வெளிவட்டத்து எலக்ட்ரான் இறங்கும்போது புதிய எக்ஸ் கதிர் ஒன்று வெளிப்படுகிறது. அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு, இரும்புக்கு 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட். ஆற்றலைக் கொண்டு தனிமத்தையும், கதிரின் செறிவைக் கொண்டு அதன் அளவையும் கணிக்கலாம். தாள் சேதமாவதில்லை.

சிக்கலும் உண்டு. ஆர்சனிக்கின் முதன்மைக் கதிரும் ஈயத்தின் கதிர் ஒன்றும் ஏறத்தாழ 10.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஈயத்துக்கு 12.6-இல் உள்ள மற்றொரு கதிரைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும். மிகக் குறைந்த அளவுகளை அறிய, துகளை அமிலத்தில் கரைத்து, ஆர்கான் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறமாலைமானியால் அளப்பார்கள். கார்பனை இவ்விரு முறைகளாலும் அளக்க முடியாது. அதற்குக் குவார்ட்ஸ் வடிதாளும் தனிச் சோதனையும் தேவை.

சிலிக்கான், அலுமினியம், கால்சியம் மிகுந்தால் அது பெரும்பாலும் மண், கட்டுமானப் புழுதி. தாமிரம், பேரியம், ஆன்டிமனி சேர்ந்து வந்தால் பிரேக் தேய்மானம். பொட்டாசியம் வைக்கோல், விறகுப் புகையைக் காட்டும். ஆனால் தீபாவளி பட்டாசிலும் அது உண்டு. அப்போது பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கூடவே ஏறும். ஒரு தனிமத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது என்பதால், பல நாள் மாதிரிகளில் எவை ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்பதைப் புள்ளியியல் முறையால் பிரித்தறிகிறார்கள்.

இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தர அளவின்படி, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டரில் ஈயம் 0.5 மைக்ரோகிராமையும், ஆர்சனிக் 6 நானோகிராமையும், நிக்கல் 20 நானோகிராமையும் தாண்டக் கூடாது.